விளையாட்டு நாணயமும் சூதாட்டச் சட்டமும்



செங்கல், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டார மக்களுக்கு இரு வேறு நாணயங்களைக் கையாளுவது புதிய அனுபவமன்று. திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குத் தனி நாணயம் இருந்த காலத்தில் இவ்வூர்ச் சந்தைகளில் காசும் சக்கரமும் பணமும் புழங்கின. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆரல்வாய்மொழியைக் கடந்து திருநெல்வேலிச் சீமைக்குச் சரக்குக் கொண்டு சென்ற வணிகர், 28½ சக்கரத்துக்கு ஒரு பிரிட்டிஷ் இந்திய ரூபாய் என்ற கணக்கை மனப்பாடமாக வைத்திருந்தார். போகும்போது சக்கரத்தை ரூபாயாக மாற்றினார். வரும்போது ரூபாயைச் சக்கரமாக மாற்றிக்கொண்டார். மாற்றும்போது சிறிது நட்டம் நேர்ந்திருக்கலாம். ஆயினும் வழி இருபுறமும் திறந்திருந்தது. 1949ஆம் ஆண்டோடு அந்த நாணய முறை முடிவுற்றது.

இன்று அதே ஊர்களின் வீடுகளுக்குள் மற்றொரு தனி நாணயம் நுழைந்திருக்கிறது. அதைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. கைபேசி விளையாட்டுகளில் காயின், சிப், டைமண்ட் எனப் பல பெயர்களில் அது வழங்குகிறது. ரூபாய் கொடுத்தால் அது கிடைக்கும். அதைக் கொடுத்தால் ரூபாய் கிடைக்காது. இத்தகைய ஒருவழி நாணயம் சூதாட்டச் சட்டத்தின் பார்வையில் பணமா, பண்டமா, வெறும் பொம்மையா என்பதே இவ்வுரையின் பொருள். கேட்பதற்குச் சிறு வினாவாகத் தோன்றினாலும் உலகின் பல நீதிமன்றங்கள் இதற்கு ஒன்றுக்கொன்று மாறான விடைகளைத் தந்துள்ளன. நம் நாட்டில் 2025ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னர் இவ்வினா முன்னைவிடக் கூர்மை பெற்றிருக்கிறது.

ஒருவழி நாணயத்தின் இயல்பு

சூதாட்ட விடுதிகளில் பணத்துக்குப் பதிலாகச் சில்லுகளைக் கொடுக்கும் பழக்கம் நெடுங்காலமாக உள்ளது. மேசையில் எண்ணுவதற்கு எளிது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தை விடுதிக்காரர் வெளியில் சொல்வதில்லை. ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து வைக்கத் தயங்கும் கை, ஒரு பிளாஸ்டிக் வில்லையை எளிதில் நகர்த்திவிடும். கைபேசி விளையாட்டுகள் இந்த உத்தியை மேலும் நுணுக்கமாக்கின.

எடுத்துக்காட்டாக, 80 ரூபாய்க்கு 1,000 நாணயம் கொண்ட ஒரு கட்டு விற்கப்படுகிறது என வைத்துக்கொள்ளலாம். ஆட்டத்தில் வேண்டிய பொருளின் விலை 1,400 நாணயம். ஆடுபவர் இரு கட்டுகள் வாங்கியாக வேண்டும். 600 நாணயம் மிஞ்சும். மிஞ்சியது எதற்கும் போதாது. எனவே வீணாகாமலிருக்க மூன்றாவது கட்டை வாங்கும் ஆவல் பிறக்கிறது. மளிகைக் கடையில் சில்லறை இல்லை என்று மிட்டாய் கொடுப்பதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை. 1,400 நாணயம் என்பது 112 ரூபாய் என்ற கணக்கு அந்த நேரத்தில் யார் மனத்திலும் ஓடுவதில்லை. ஓடாதிருக்க வேண்டும் என்பதே ஏற்பாடு.

கேசினோ வகை விளையாட்டுகளில் இன்னொரு விந்தையைக் காணலாம். புதிதாகச் சேர்பவருக்கு லட்சக்கணக்கில் நாணயம் இலவசமாகக் கிடைக்கும். நாள்தோறும் செயலியைத் திறந்தால் மேலும் சில ஆயிரம். ஆட்டத்தின் படிநிலை உயர உயர மேசையில் வைக்கவேண்டிய குறைந்தபட்சப் பந்தயமும் உயர்ந்துகொண்டே போகும். பொருளாதாரம் பயின்றவர்களுக்கு இது பழகிய காட்சி. நாணயத்தை வெளியிடுபவரே அதை விரும்பிய அளவு அச்சிடுகிறார்; விலைவாசியையும் அவரே நிர்ணயிக்கிறார். இலவச நாணயம் தீர்ந்து, ஆட்டத்தின் சூடு தணியாத அந்தச் சில நிமிடங்களில்தான் விற்பனை நடைபெறுகிறது. எந்த மத்திய வங்கிக்கும் இத்துணை வசதி வாய்த்ததில்லை.

ஒரே சொல், மூன்று சட்டம்

இப்பகுதித் தமிழ் வழக்கில் 'சீட்டு' என்ற சொல்லுக்கு மூன்று பொருள்கள் உண்டு. மாதந்தோறும் தவணை கட்டி ஏலத்தில் எடுப்பதும் சீட்டு. பரிசு விழும் என்று வாங்கி வைப்பதும் சீட்டு. மரத்தடியில் நால்வர் அமர்ந்து ஆடுவதும் சீட்டு. மலையாளத்திலும் சீட்டு நிதிக்குக் குறி என்றும் பரிசுச் சீட்டுக்குப் பாக்கியக்குறி என்றும் பெயர். மொழி ஒன்றாகக் கட்டிவைத்ததைச் சட்டம் மூன்றாகப் பிரித்துள்ளது. சீட்டு நிதிகளுக்கு 1982ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். பரிசுச் சீட்டுகளுக்கு 1998ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். சீட்டாட்டத்துக்குக் கேரளத்தில் 1960ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம்.

இம்மூன்றில் எதிலும் ஆபத்து உண்டு. ஆனால் ஒவ்வொன்றிலும் பணம் பணமாகவே நின்றது. சீட்டுக் கட்டியவர் எவ்வளவு கட்டினார் என்பதை அறிவார். கேரள அரசின் முதல் பரிசுச் சீட்டின் விலை ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய் என்று அச்சிட்டே விற்றார்கள்; 1968 ஜனவரி 26 அன்று குலுக்கல் நடந்தது. வாங்கியவர் எதை இழக்கக்கூடும், எதைப் பெறக்கூடும் என்பது அந்தத் தாளிலேயே இருந்தது. விளையாட்டு நாணயம் இந்த இரண்டையும் மறைத்துவிட்டது என்பதே அதன் தனித்தன்மை.

எல்லையின் இருபுறமும்

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் 34ஆம் பதிவாக இடம்பெற்றுள்ளன. மத்திய, மாநில அரசுகள் நடத்தும் பரிசுச் சீட்டுகள் மட்டும் மத்தியப் பட்டியலில் 40ஆம் பதிவாக உள்ளன. எனவே 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்துடன் இணைந்து, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றபோது, சூதாட்டச் சட்டத்திலும் ஓர் எல்லைக்கோடு விழுந்தது.

அக்கோட்டின் விளைவை இவ்வூரார் நன்கறிவர். தமிழ்நாடு அரசு 2003 ஜனவரியில் பரிசுச் சீட்டு விற்பனையைத் தடை செய்தது. அதன் பின்னர், பாறசாலையில் அரசின் ஆதரவோடு நடைபெறும் தொழில், சில கிலோமீட்டர் தெற்கே களியக்காவிளையில் குற்றமாகிவிட்டது. நடுவில் ஒரு சாலையும் காவலும் இருந்தமையால் இந்த வேறுபாட்டுக்கு ஓரளவு பொருளும் இருந்தது. அமரவிளைச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திச் சரக்கைப் பார்த்தார்கள். சரக்கு-சேவை வரி 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின் வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டன. விளையாட்டு நாணயமோ எந்தச் சாவடியிலும் நின்றதேயில்லை. எல்லையோர ஊர்களில் அண்டை மாநிலக் கோபுரத்தின் அலைவரிசை கைபேசியில் விழுவதும் வியப்பன்று.

கேரள, தமிழ்நாட்டு அரசுகள் இரண்டும் இணையவழிச் சூதாட்டத்தைக் கட்டுப்படுத்த முயன்ற வரலாறு இந்த இடையூற்றைத் தெளிவாக்குகிறது. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967ஆம் ஆண்டில் கூறியிருந்தது. கேரளச் சட்டத்தின் 14ஆம் பிரிவு வெறும் திறமை சார்ந்த ஆட்டங்களை விலக்கியது. 1976ஆம் ஆண்டின் அறிவிக்கை ஒன்று ரம்மி உள்ளிட்ட சில ஆட்டங்களுக்கு விலக்களித்தது. 2021 பிப்ரவரியில், பந்தயம் வைத்து ஆடும் இணையவழி ரம்மிக்கு அவ்விலக்கு இல்லை என்று கேரள அரசு அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. மரத்தடியில் திறமையாக இருப்பது திரையில் திறமையல்லாமல் போகாது என்பது தீர்ப்பின் போக்கு.

தமிழ்நாட்டில் நிகழ்ந்தது இதைவிட நீண்ட கதை. 2020 நவம்பரில் பிறப்பித்த அவசரச் சட்டமும் அதைத் தொடர்ந்த 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும் அந்த ஆண்டு ஆகஸ்டு 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வீழ்ந்தன. கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகள் தொடர்ந்து வந்ததையொட்டி, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் 2022ஆம் ஆண்டில் குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையின் அடிப்படையில் புதிய சட்டம் உருவாயிற்று. ஆளுநரால் திருப்பியனுப்பப்பட்டு, சட்டப்பேரவையில் மீண்டும் நிறைவேறி, 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகச் சேர்த்த அட்டவணையை மட்டும் அவற்றுக்குப் பொருந்தாதெனச் செய்தது. பின்னர் 2025ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள், நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பண ஆட்டங்களுக்குத் தடை விதித்தன; 18 வயதுக்கு உட்பட்டோரை விலக்கின. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இவற்றை ஏற்றது.

இவ்வாறாக, சிலகாலம் களியக்காவிளையில் நள்ளிரவில் ஆடக்கூடாத ஆட்டத்தைப் பாறசாலையில் ஆடலாம் என்ற நிலை இருந்தது. இரு மாநிலங்களும் அக்கறையின்றி இருக்கவில்லை. ஆனால் இரண்டின் சக்தியும் ஒரே கேள்வியில் செலவாயிற்று: இது திறமையா, அதிர்ஷ்டமா? சீட்டை அடுக்குவதில் திறமை உண்டா என்று ஆராய்ந்த வழக்குகளில், அந்த ஆட்டத்துக்குரிய நாணயத்தை விற்கும் முறை என்ன என்ற வினா பின்னுக்குப் போய்விட்டது.

2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம்

இணையவழி விளையாட்டுகளை ஊக்குவித்து ஒழுங்குபடுத்தும் சட்டமுன்வரைவு 2025 ஆகஸ்டு 20 அன்று மக்களவையிலும் 21 அன்று மாநிலங்களவையிலும் நிறைவேறி, 22 அன்று குடியரசுத் தலைவரின் இசைவைப் பெற்றது. ஏறத்தாழ 45 கோடிப் பேர் ஆண்டுக்குச் சுமார் 20,000 கோடி ரூபாயை இத்தகைய ஆட்டங்களில் இழக்கின்றனர் என்பது அப்போது மத்திய அரசு தெரிவித்த மதிப்பீடு.

இச்சட்டம் திறமையா, அதிர்ஷ்டமா என்ற பழைய வினாவை ஒதுக்கிவைத்துவிட்டது. பணமோ பிற பந்தயப் பொருளோ செலுத்தி, பதிலுக்கு ஆதாயம் பெறும் எதிர்பார்ப்போடு ஆடப்படும் எந்த ஆட்டமும் இணையவழிப் பண விளையாட்டு என்று அது வரையறுக்கிறது. அத்தகைய ஆட்டத்தை நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்வோருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். பணம் செலுத்த வழி செய்யும் நிறுவனங்களும் பொறுப்பாவர். ஆடுபவரைச் சட்டம் தண்டிக்கவில்லை; இது நல்ல முடிவு. சூதாட்டம் மாநிலப் பட்டியலில் இருக்கும்போது நாடாளுமன்றம் இதைச் செய்யலாமா என்பது உள்ளிட்ட வினாக்களோடு உயர் நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகள் 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. பெரிய நிறுவனங்கள் பலவும் ஆகஸ்டு மாதத்திலேயே பண ஆட்டங்களை நிறுத்திக்கொண்டன.

'பிற பந்தயப் பொருள்' என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் கவனிக்கத்தக்கது. பணத்துக்கு ஈடாகவோ பணமாக மாற்றத்தக்கதாகவோ கருதப்படும் எதுவும் அதில் அடங்கும். நேரடியாகவோ மறைமுகமாகவோ பணம் கொடுத்து வாங்கிய கடன்புள்ளி, நாணயம், வில்லை, பொருள் ஆகிய அனைத்தும், அவை உண்மையானவையாயினும் மெய்நிகரானவையாயினும், எப்பெயரிட்டு அழைக்கப்பட்டாலும் சேரும். 'இது பணமன்று, வெறும் காயின்' என்று கூறித் தப்பும் வாயில் இதனால் பெருமளவு அடைபட்டது எனலாம்.

அடைபட்டது முன்வாயில். உள்ளே போகும் நாணயத்தைச் சட்டம் அடையாளம் கண்டுகொண்டது. வெளியே வருவது என்ன என்பதில்தான் ஐயம் எழுகிறது. போட்ட பணத்துக்குப் பதிலாகப் பணமும் பிற ஆதாயமும் கிடைக்கும் எதிர்பார்ப்பு வேண்டும் என்கிறது வரையறை. ஆடி வென்றால் மேலும் நாணயம்தான் கிடைக்கும், அதை ஒருபோதும் ரூபாயாக்க முடியாது என்றால், அது ஆதாயமா? 'பணமும் பிறவும்' என்னுமிடத்தில் உள்ள 'உம்' இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும் என்கிறதா, இரண்டில் ஒன்று போதும் என்கிறதா? ஓர் இடைச்சொல்லின் பொருளில் ஒரு தொழிலின் எதிர்காலமே தொங்குவது சட்டத்துறையில் அரிதன்று. அச்சட்டமே சமூக விளையாட்டுகள் என்றொரு வகையை அனுமதிக்கிறது. அவற்றுக்குச் சந்தாவோ ஒருமுறை நுழைவுக் கட்டணமோ வாங்கலாம். அது பந்தயமாக இருக்கக்கூடாது. ஆனால் ஒரே மாலையில் பத்து முறை விற்கப்படும் நாணயக் கட்டு சந்தாவும் அன்று, ஒருமுறைக் கட்டணமும் அன்று.

சில்லுக்கு மதிப்பு உண்டா?

இந்த ஐயத்தை மற்ற நாடுகள் எவ்வாறு எதிர்கொண்டன என்பதைப் பார்ப்பது பயனுடையது. அமெரிக்காவில் ஒரு போர் விளையாட்டினுள்ளே ஒரு சூதாட்டச் சக்கரம் அமைந்திருந்தது. ஆடுபவர் ரூபாய்க்கு நிகரான டாலர் கொடுத்துப் பொன் வாங்குவார். பொன்னைச் சில்லாக்கிச் சக்கரத்தைச் சுழற்றுவார். மரமும் கல்லும் போன்ற ஆட்டப் பொருள்கள் பரிசாக வரும். இழந்த தொகையைக் கேட்டு ஒருவர் தொடுத்த வழக்கை மேரிலாந்து மாநிலச் சட்டத்தின்படி ஆராய்ந்த மேல்முறையீட்டு நீதிமன்றம், 2017ஆம் ஆண்டில் அதை ஏற்க மறுத்தது. பணம் கொடுத்துப் பொன் வாங்கியபோதே வியாபாரம் முடிந்துவிட்டது, சக்கரத்தில் அவர் பணத்தை இழக்கவில்லை என்பது அதன் கருத்து.

மறு ஆண்டே, 2018 மார்ச்சில், வாஷிங்டன் மாநிலச் சட்டத்தைக் கொண்டு வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் நேர்மாறான முடிவுக்கு வந்தது. 'பிக் ஃபிஷ் கேசினோ' என்ற அந்த ஆட்டத்தில் சில்லு தீர்ந்தால் ஆட்டம் நின்றுவிடும். தொடர வேண்டுமானால் வாங்க வேண்டும். எனவே சில்லு என்பது தொடர்ந்து ஆடும் உரிமை. அந்த உரிமைக்குச் சந்தையில் விலை இருக்கிறது. ஆகவே சில்லு மதிப்புள்ள பொருள் என்று நீதிமன்றம் கூறிற்று. இதைத் தொடர்ந்து சம்பந்தப்பட்ட நிறுவனங்கள் 15.5 கோடி டாலர் வழங்கச் சமரசம் செய்துகொண்டன. தொழில் ஒன்றே; நாணயமும் ஏறக்குறைய ஒன்றே. மேரிலாந்துச் சட்டம் பணத்தைத் தேடிற்று, வாஷிங்டன் சட்டம் 'ஆடும் சலுகை'யையும் மதிப்பாக எழுதிவைத்திருந்தது என்பதே வேறுபாடு. சட்ட வரைவாளர்கள் கருதத்தக்க பாடம் இது.

பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018 ஏப்ரலில், உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் பணம் கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றது. நெதர்லாந்தில் அதே போன்ற முடிவை 2022ஆம் ஆண்டில் உயர்மட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அடுத்தடுத்த இரு நாடுகள்!

இவற்றையெல்லாம்விட வேடிக்கையான வழக்கு 2011ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் நடைபெற்றது. ஒருவர் 'ஜிங்கா' நிறுவனத்தின் கணினிக்குள் புகுந்து, அதன் போக்கர் ஆட்டத்துக்குரிய 40,000 கோடிச் சில்லுகளைக் கவர்ந்து, ஒரு பகுதியை வெளிச்சந்தையில் விற்றார். நிறுவனம் அவற்றின் மதிப்பைச் சுமார் 1.2 கோடி டாலர் என்றது. அவருக்கு 2 ஆண்டு சிறை கிடைத்தது. ஆடுபவர் தோற்கும்போது மதிப்பில்லாத சில்லு, திருடுபோகும்போது மட்டும் மதிப்புப் பெற்றுவிடுகிறது. வெளிச்சந்தை இருக்கிறது என்பதையும் அந்த வழக்கு வெளிப்படுத்தியது.

பணமாக மாற்ற முடியாது என்று நிறுவனம் விதிமுறையில் எழுதிவைக்கலாம். அடுத்த தெருவில் ஒருவர் அதை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தால் அந்த விதியால் பயனில்லை. ஜப்பானின் பச்சிங்கோ நிலையங்கள் இதற்குப் பழைய எடுத்துக்காட்டு. அங்கே வெல்பவருக்குப் பணம் தருவதில்லை; ஒரு சிறு பரிசுப் பொருள் தருவார்கள். அருகிலுள்ள வேறொரு கடை அப்பொருளைப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளும். நம் நாட்டு மூன்று சீட்டு, போக்கர் செயலிகளின் சில்லுகளும் ஆடுபவர்களுக்கிடையே தனிப்பட்ட முறையில் கைமாறும்போது இதே கதைதான். நிறுவனம் அறியாமல் நடக்கிறதா, அறிந்தும் கண்ணை மூடிக்கொள்கிறதா என்பதை ஆராய்வது ஒழுங்குமுறை ஆணையத்தின் முதற்கடமைகளில் ஒன்றாக இருக்கவேண்டும். ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்கு மிகப் பெரிய அளவில் நாணயம் வேண்டுமென்றே தோற்கப்படுவது நிறுவனத்தின் பேரேட்டில் தெரியாமல் போகாது.

வரியும் வங்கியும்

வரிச் சட்டம் இந்த இடைவெளியை அறியாமலே அகலப்படுத்தியிருக்கிறது. பண ஆட்டங்களில் செலுத்தப்படும் முழுத் தொகைக்கும் 2023 அக்டோபர் 1 முதல் 28 விழுக்காடு சரக்கு-சேவை வரி விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 விழுக்காடாயிற்று. பணம் வெல்ல இயலாத விளையாட்டுகளுக்கோ பிற இணையச் சேவைகளைப்போல 18 விழுக்காடே. ஆட்டத்தைச் சற்றே மாற்றி, பரிசை நாணயமாகவே வைத்துக்கொண்டால் சிறைத் தண்டனையும் இல்லை, வரியும் பாதிக்குக் கீழ். இத்தகைய தூண்டுதல் இருக்குமிடத்தில் மூலதனம் எப்பக்கம் நகரும் என்பதைக் கூறப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

ரிசர்வ் வங்கியின் முன்செலுத்து கருவிகள் பற்றிய விதிகளில், வெளியிட்டவரிடமே பொருளோ சேவையோ வாங்க மட்டும் பயன்படும் கருவி மூடிய வகை எனப்படும். அதற்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. உணவக டோக்கனுக்கும் கடைப் பரிசு அட்டைக்கும் இது பொருத்தமான விதி. கோடிக்கணக்கான மக்கள் நாள்தோறும் வாங்கும் விளையாட்டு நாணயமும் அதே வரிசையில் நிற்கிறது.

குடும்பத்தின் கைபேசி

சட்டத்தின் இடைவெளியால் இழப்பவர் யார்? பண ரம்மி ஆடியவர் பெரும்பாலும் சம்பாதிக்கும் ஆண்மகன். விளையாட்டு நாணயம் வாங்குவது பெரும்பாலும் அந்த வீட்டின் பள்ளி மாணவன். 2020ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டு, வகுப்புகள் கைபேசிக்கு மாறியபோது, அதுவரை தந்தையின் சட்டைப்பையில் இருந்த கருவி பிள்ளையின் கைக்குச் சென்றது. கூலியும் பென்ஷனும் சிறுசேமிப்பும் வந்து சேரும் வங்கிக் கணக்கு அதே கருவியோடு யு.பி.ஐ. வழியாக இணைந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் சிறு தொகையே போவதால் மாத இறுதி வரை எவரும் உணர்வதில்லை. கேரளக் காவல்துறை பிள்ளைகளைக் கைபேசி மோகத்திலிருந்து மீட்பதற்கென 'டி-டாட்' மையங்களை 2023ஆம் ஆண்டில் தொடங்கியது இந்தச் சூழ்நிலையில்தான்.

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அத்தகைய ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று பிரிவி கவுன்சில் 1903ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே பிள்ளை வாங்கிய நாணயத்துக்கான தொகையைத் திருப்பிக் கேட்கும் வாதம் வலுவானதே. தெரியாமல் கணக்கு எண்ணையும் கடவுச்சொல்லையும் பிள்ளை பயன்படுத்தியது என்று நிறுவுவதுதான் கடினம். 80 ரூபாய்க்காக நுகர்வோர் ஆணையத்தின் படியேறுவோர் யார்? பலமுறை 80 ரூபாய் போன பிறகும் எவரும் ஏறுவதில்லை. வழக்கைவிட முன்னேற்பாடே பயன் தரும். 2024ஆம் ஆண்டில் அறிமுகமான யு.பி.ஐ. பகிர்வு முறையில், பிள்ளையின் கைபேசியிலிருந்து செல்லும் ஒவ்வொரு தொகையும் கணக்குக்குரியவரின் இசைவைப் பெற்றே போகும்படி அமைக்கலாம். இதைக் குடும்பஸ்ரீக் கூட்டங்களிலும் பள்ளிப் பெற்றோர் கூட்டங்களிலும் செய்துகாட்டினால் அரைமணி நேரத்தில் முடியும்.

செய்யத்தக்கவை

எல்லா விளையாட்டு நாணயத்தையும் தடை செய்ய வேண்டும் என்ற வாதம் மிகையானது. கதைமாந்தனுக்கு ஒரு சட்டை வாங்கிக்கொடுக்கும் நாணயம் சூதாட்டமாகாது. நாணயத்தை வைத்து, குருட்டு வாய்ப்பின் மூலம் மேலும் நாணயம் பெறும் ஆட்டத்தை மட்டும் தனியே பிரிக்க வேண்டும். வெல்வது பணமாக இல்லாவிட்டாலும், விலை கொடுத்து வாங்க வேண்டிய ஆடும் உரிமையை வெல்வதும் ஆதாயமே என்று விதிகளில் ஒரு வரி சேர்த்தால், 'உம்' பற்றிய சர்ச்சை எழாது. அவ்வகை ஆட்டங்கள் 18 வயதுக்கு உட்பட்டோருக்கு இல்லை என்பதும் அதிலிருந்தே பெறப்படும்.

பிற ஆட்டங்களுக்குப் பழைய சந்தை விதி ஒன்று போதும். எந்தப் பொருளின் விலையையும் நாணயத்தோடு ரூபாயிலும் காட்ட வேண்டும்; இந்த மாதம் இதுவரை செலவான ரூபாய் எவ்வளவு என்பது வாங்கும் பொத்தானுக்கு அருகிலேயே தெரிய வேண்டும். பொட்டலப் பொருள்களின் மேல் அதிகபட்ச விலையை அச்சிடும் விதியை ஏற்ற வணிகம் இதையும் ஏற்கும். நிரலாளர்களுக்கு இது ஒரு நாள் வேலை.

மிச்ச நாணயம் பற்றிய கேள்வி இன்னும் எவர் கவனத்துக்கும் வரவில்லை. ஜப்பானில் விளையாட்டு நாணயத்தை வெளியிடும் நிறுவனம், மார்ச், செப்டம்பர் இறுதிகளில் செலவிடப்படாத இருப்பு ஒரு கோடி யென்னைத் தாண்டினால், அதில் குறைந்தது பாதியை ஈடாக ஒதுக்கிவைக்க வேண்டும். நம் நாட்டில் மூடிய வகைக் கருவிகளுக்கு அத்தகைய ஈடு இல்லை. 2025 ஆகஸ்டில் பண ஆட்டங்களை நிறுத்திய பெரிய நிறுவனங்கள், ஆடுபவர் கணக்கிலிருந்த ரூபாயைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி விட்டன. அது ரூபாயாக இருந்தமையால் கேட்க முடிந்தது. நாளை ஒரு செயலி மூடப்பட்டால், அதில் 600 நாணயம் மிச்சம் வைத்திருக்கும் செங்கல் மாணவனுக்கு 48 ரூபாய் தரவேண்டியவர் யார் என்பதற்கு விதி வேண்டும். விற்ற விலையிலேயே திருப்பித் தருவதற்கு மூடும் நாளுக்கு முன் மூன்று மாத அறிவிப்பும், ஜப்பானைப்போல் பாதி இருப்பு ஈடும் தொடக்கமாக அமையலாம்.